அடைப்பான்

எங்கள் ஊர் மருதமுனையில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வீடு பெண்ணுடையது, அவளுடைய வாப்பா முதுகு முறியப் பாடுபட்டுக் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளை நாலு சாரன், நாலு சேட்டு, ஒரு சூட்கேசோடு வந்து இறங்குவார். என் மாப்பிள்ளை றாஸிக், சூட்கேசுக்குப் பின்னால் லான்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஒரு தோணியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊரே சிரித்தது. "றஹீமாட மாப்புள தரையால வாறாரா, தண்ணியால வாறாரா?" என்று என் கூடப்பிறந்த மூத்தவள் ஸம்ஸியா ராத்தா கேட்டதைக் கலியாண வீட்டில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பன்னிரண்டு அடி பைபர் தோணி. கடலுக்குப் போகிற சாதி அல்ல. ஊருக்கு மேற்கே வயலைத் தாண்டினால் வருகிற ஆற்றுக்கானது. புத்தகத்தில் அதை வாவி என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது ஆறுதான். அவர் தொழிலுக்கு லொறி ஓட்டினார், ஆசைக்கு மீன் பிடித்தார். வலை வீசுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. முப்பது பாகம் நீளத்துக்குத் தங்கூசி நைலோன் நூலைத் தோணிக்குப் பின்னால் விட்டு, நுனியில் ஒரு பிளாஸ்டிக் மீனைக் கட்டி, ஒருவர் மெதுவாகச் சவள் என்கிற துடுப்பை வலிக்க இன்னொருவர் தூண்டில் தடியைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் மீன் உயிருள்ள மீன் மாதிரி நெளிந்து வரும். கொடுவா அதை நம்பிப் பின்னாலேயே வந்து கவ்வும். சரியான மோட்டு மீன் என்று நான் சிரித்திருக்கிறேன்.

கலியாணமான இரண்டாம் வருடம் ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். சுபஹு தொழுத கையோடு, ஊர் கண் விழிக்க முன்னம். அவர் பின்னால் இருந்து சவள் வலித்தார், நான் முன்னால் தடியோடு. நடந்து போகிற ஆளின் வேகம்தான் தோணிக்கு வேண்டுமாம். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் மீன் மேலே மிதந்துவிடும், குறைந்தால் அடியில் போய்ப் புல்லில் சிக்கும். அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு கையே கழன்று போகிற மாதிரி ஒரு இழுவை. அவர் "தளத்து புள்ள, தளத்து!" என்று கத்துகிறார். நான் ரீலில் இருக்கிற திருகைப் பிடித்து இறுக்கோ இறுக்கு என்று இறுக்கினேன். பட்டென்று தங்கூசி அறுந்தது. மீனும் போனது, பிளாஸ்டிக் மீனும் போனது.

நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். நூல் ஆடினால் இறுக்க வேண்டும் என்பதுதான் என் கைக்குத் தெரியும். அதைச் சொன்னதும் அவர் தோணி ஆடும்படி சிரித்தார். "இது பாவு இல்ல றஹீமா. போற மீனக் கொஞ்சம் போக விடணும். அது களைச்சா தன்ட பாட்டுல திரும்பி வரும்" என்றார். அதற்குப் பிறகு என்னைத் தோணியில் ஏற்றவில்லை. பார்த்தால் ஊர் என்ன கதைக்கும் என்று பயம் அவருக்கு. எனக்கு அந்த ஒரு காலை போதுமாக இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு மேல் அதைப்பற்றி நான் யாரோடும் கதைக்க மாட்டேன்.

நாலு வருடத்துக்கு முன் அவர் கட்டாருக்குப் போனார். அங்கேயும் லொறிதான். போகிற அன்று விடியற்காலை, வான் வந்து வாசலில் நிற்கிறது, இந்த மனிதர் முற்றத்தில் தோணியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இரண்டு டயருக்கு மேல் தோணியை நிமிர்த்தி வைத்து, மேலே தகரம் போட்டு, பின்பக்கத்து ஓட்டையிலிருந்து அடைப்பானைக் கழற்றி என் கையில் தந்தார். கறுப்பு றப்பர், நடுவில் பித்தளைத் திருகு, என் கட்டை விரலை விடக் கொஞ்சம் தடிப்பு.

"தோணி வீட்டுல நிக்கக்குள்ள இது கழட்டியேதான் இரிக்கணும். மழத்தண்ணி உள்ளுக்குப் பெய்ஞ்சா ஓட்டையால போகணும். தண்ணில இறக்கக்குள்ளதான் இதப் போடுற. தொலைச்சுப் போடாத புள்ள. இது இல்லாட்டி தோணி தோணியில்ல, தேத்தண்ணி வடி."

நான் அதைக் குசினியில் உப்பு டின்னுக்கு மேலே ஆணியில் கொழுவினேன். அன்றிலிருந்து நான் சோறு சமைக்கிற ஒவ்வொரு நேரமும் அது என் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. என் வீட்டில் அவருடையது என்று சொல்ல அந்தத் தோணியும் அதன் சாமானும்தான். அவை இருக்கிற வரைக்கும் மனிதர் திரும்பி வருவார். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் நாலு வருடமும் இதை வைத்துத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வட்ஸ்அப்பில் அவர் குரலைப் பதிந்து அனுப்புகிற வொய்ஸ் வரும். முதல் வருடம் எல்லாம் கதைப்பார். வெயில், சாப்பாடு, கூட இருக்கிற ஆட்களின் குறட்டை, என் கையால் ஆக்கின கொடுவா ஆணம். பிறகு மெதுவாகச் சுருங்கத் தொடங்கியது. "சுகம்தான புள்ள? சல்லி அனுப்பினன். சரி, வேலைக்குப் போகணும்." அவ்வளவுதான். கோபம் வரும். அந்தப் பன்னிரண்டு செக்கனை நான் இருபது தரம் கேட்பேன். அதற்கும் கோபம் வரும்.

ஒருநாள் சும்மா, "ரீல்ல ஒரு சத்தம் கேக்குது, என்னெண்டு தெரியல்ல" என்று அனுப்பினேன். ஏழு நிமிசத்துக்கு ஒரு வொய்ஸ் வந்தது. ஏழு நிமிசம்! "றஹீமா, இஞ்ச பாரு, பயப்புடாத. முதல்ல நல்ல தண்ணியில ஈரத் துணிய முறுக்கித் துடை. தண்ணிய ஊத்திப் போடாத. பக்கத்து மூடியக் கழட்டு. ஒன்ட தையல் மெசின் எண்ணெ இரிக்கிதா, அதுல ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டு எண்டா ஒரு சொட்டுத்தான், ஆணத்துக்கு ஊத்துற மாதிரி ஊத்தாத" என்று சிரிப்பு வேறு. ரீலில் ஒரு சத்தமும் இல்லை. அது தேன் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு அதுதான் வேலை. தடி வளையத்தில் ஏதோ கீறுது என்பேன். பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளாலும் இழுத்துப் பார், பஞ்சு சிக்குகிற வளையத்தில் வெடிப்பு இருக்கு என்று அர்த்தம், அது தங்கூசியை அறுத்துவிடும் என்பார். தூண்டில் முள்ளெல்லாம் கறள் பிடிக்குது என்பேன். துணியில் அரிசி முடிந்து பெட்டிக்குள் போடு, ஈரத்தை அரிசி குடித்துவிடும் என்பார். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், எத்தனை பொய். ஒருமுறை அடைப்பான் வெடித்துப் போனது என்றேன். "அளவு செல்லு புள்ள, இஞ்சால ஒண்டு வாங்கி அனுப்புறன்" என்றார். தையல் நாடாவால் அளந்து, இருபத்தைந்து மில்லிமீற்றர் என்றேன். பிறகு பயந்துபோய், "இல்ல இல்ல, வெடிக்கல்ல, சும்மா காஞ்சிரிக்கி" என்று மாற்றினேன். றப்பருக்கு எண்ணெய் பூசாதே, ஊதிப் போகும், முகத்துக்குப் போடுகிற பவுடரைப் போட்டுத் தடவு, வெள்ளிக்குவெள்ளி தடவினால் இன்னும் பத்து வருடம் இருக்கும் என்று பதினொரு நிமிசம் சொன்னார். அதுதான் நான் வாங்கின ஆக நீளமான வொய்ஸ்.

பொய்யாகக் கேட்டுக் கேட்டு, எனக்கு எல்லாம் மெய்யாகவே பழகிப் போனது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் அவர் தூண்டில் கடையில் போய் நின்று வீடியோ அனுப்புவார். தடி நீளமா கட்டையா? கட்டைதான், தோணிக்குள் தடியைத் திருப்ப இடம் வேணுமே என்பேன். பிளாஸ்டிக் மீன் என்ன நிறம்? நான் வயல் ரோட்டால் ஆற்றங்கரை வரை நடந்துபோய்ப் பார்த்து வருவேன். வயலுக்குத் திறந்த தண்ணீர் வடிந்து ஆற்றில் சேருகிற நாளில் ஆறு பால் விடாத பிளேன்டீ நிறத்தில் இருக்கும். அப்போதைக்குப் பொன்னிறம், தெளிந்த பிறகு வெள்ளி. "நீ என்ன புள்ள, என்னை விடக் கெட்டிக்காரியாப் போயிட்டாய்" என்றார் ஒருநாள். அந்த வொய்சை இன்னும் அழிக்கவில்லை. சாமான் எல்லாம் கார்கோவில் வந்தது. நீலப் பெட்டி ஒன்றில் நிறம் நிறமாக அடுக்கி வைத்தேன். புதுத் தங்கூசியை ரீலில் நான்தான் சுற்றினேன். நூல் சுற்றின கை. ஒரு சுற்று மேலே ஒரு சுற்று ஏறாமல் அப்படி ஒரு ஒழுங்கு. சுற்றி முடித்ததும் ரீலின் திருகைத் தளர்த்தி வைத்தேன். இறுக்கியபடி வைத்தால் உள்ளே இருக்கிற வட்டுகள் ஒட்டிப் போகுமாம். மனிதர் சொன்ன மாதிரித்தான் நாலு வருடமும் தளர்த்தித் தளர்த்தி விட்டேன், ரீலையும் அவரையும்.

இந்த வருடம் பிறந்ததிலிருந்து வொய்ஸ் மறுபடி சுருங்கியது. ரீல் சத்தம் என்றாலும், "ஆ, எண்ணெய் போடு" என்று ஒரு வரி. தூண்டில் கடை வீடியோவும் இல்லை. வேலை கூட என்றார். நானும் நம்பினேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகாலுக்கு ஒரு வொய்ஸ் வந்தது. வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் அவர் வொய்ஸ் போடுவதே இல்லை. வருகிறார் என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்து கேட்டேன்.

"றஹீமா, தோணிய வித்துட்டன். சும்மா கிடந்து பழுதாப் போகுது. சனிக்கிழம இன்பாஸ் எண்டு ஒரு ஆள் லொறியோட வருவார். தோணி, சவள், ரீல் ரெண்டு, தடி மூண்டு, எல்லாத்தையும் குடுத்து விடு புள்ள. சரியா? வைக்கிறன்."

பழுதாகப் போகுதாம். என் கையில் இருந்த சாமான் பழுதாகப் போகுதாம். எனக்கு வந்த கோபத்தில் முதல் தரம் வேறு ஒன்றும் காதில் விழவில்லை. ஸம்ஸியா ராத்தாவின் வீடு எங்கள் வளவிலேயே, வேலிகூட இல்லை. ஓடிப்போய் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னகா, கட்டார்லயும் பாண் ஓட்டோ போகுதா?"

"என்ன பாண் ஓட்டோ?"

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். அவர் குரலுக்குப் பின்னால், தூரத்தில், மெலிசாக, காலையும் மாலையும் எங்கள் ஒழுங்கையால் பாணும் பணிசும் கொண்டுவருகிற ஓட்டோ போடுமே ஒரு பாட்டு, அந்த ணிங் ணிங் பாட்டு. இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாட்டு. "தடி மூண்டு" என்கிற இடத்தில் கிட்ட வந்து, "சரியா" என்கிற இடத்தில் கடந்து போகிறது.

"ஆராவது கூட இரிக்கிற ஆள்ட போன் மணியாயிரிக்கும்" என்றேன்.

"இரிக்கும், இரிக்கும்" என்றாள் ராத்தா. தேங்காயைத் திருவவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. ஆறேகால் என்றால் அங்கே நாலு மணிகூட இல்லை. அந்த நேரத்தில் எந்த மனிதன் எழும்பித் தோணி விற்கிறான்? ஆனாலும் மனதுக்கு ஒரு மூலையில், போன் மணியாகத்தான் இருக்கும், இருக்கும் என்று ஒரு குரல். கேட்டுவிடலாம். "நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று ஒரு வொய்ஸ் போட எவ்வளவு நேரம்? ஆனால் கேட்டால் இன்னொரு பொய் வரும். நாலு வருடம் பொய் சொல்லிக் கேட்டவளுக்கு இது தெரியாதா? எனக்கு அவர் வாயால் மெய் வேண்டும்.

குசினியில் அடைப்பான் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன பட்டியலில் அது இல்லை. மறந்து போயிருந்தார்.

அன்றிலிருந்து மூன்று நாள் நான் தையலைத் தொடவில்லை. தோணியை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உள்ளே கவிழ்ந்து படுத்து விரலால் தடவித் தடவி வெடிப்புப் பார்த்தேன். சவளை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். தங்கூசியில் முன்பக்கம் இரண்டு பாகம் வெயில் பட்டு வெளிறியிருந்தது. அதை வெட்டிவிட்டு முடிச்சைப் புதிதாகப் போட்டேன், எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கி. ராத்தா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கென்ன விசரா? போற சாமானுக்கு இந்தப் பாடா?"

"றஹீமா பழுதாப் போன சாமானக் குடுத்தாள் எண்டு ஒரு கதை வரப்போடாது" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் முழு உண்மை இல்லை. தோணிக்குள் கிடந்த அந்த மூன்று நாளும் எனக்கு அழுகை வந்தது. முற்றத்தில் அழுதால் ஊர் பார்க்கும், தோணிக்குள் கிடந்து அழுதால் வேலை செய்கிறாள் என்று நினைப்பார்கள்.

சனிக்கிழமை பத்து மணி போல் இன்பாஸ் சின்ன லொறியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். கூட இரண்டு ஆட்கள். நல்ல மனிதர் மாதிரித்தான் இருந்தார், அதனால்தான் என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. பிளேன்டீ கொடுத்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தார்.

"எங்க கொண்டு போறீங்க தம்பி?"

"இறக்காமத்துக்கு ராத்தா. குளத்துல போட."

இறக்காமம். பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம் வராது.

"ஆருக்கு, ஒங்களுக்கா?"

"ஓம் ராத்தா, எனக்குத்தான்."

நான் ரீலை எடுத்துக் கையில் கொடுத்தேன். மனிதர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். குளத்தில் விரால் பிடிக்க என்ன தடிப்புத் தங்கூசி போடுவீர்கள், புல்லுக்குள் இழுத்தால் எந்த முள் கட்டுவீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் அங்க பாக்கலாம் ராத்தா" என்றார். தோணி வாங்குகிறவன் முதலில் குனிந்து பின்பக்கத்து ஓட்டையைத்தான் பார்ப்பான். இவர் ஓட்டைப் பக்கமே போகவில்லை. எல்லாம் ஏற்றி முடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"நீலப் பொட்டி எங்க ராத்தா?"

நீலப் பெட்டியைப் பற்றி வொய்சில் ஒரு சொல்லும் இல்லை. அது எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த பெட்டி. நான் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். அரிசி முடிச்சைப் புதிதாக மாற்றியிருந்தேன். "ஈரத்தோட மூடிப் போடாதீங்க" என்றேன்.

லொறி போனது. முற்றத்தில் இரண்டு டயரும், நாலு வருடம் வெயில் படாத ஒரு நீள மண்ணும். ராத்தா சோறு கொண்டுவந்து வைத்தாள், நான் சாப்பிடவில்லை. அடைப்பானை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். தண்ணீரில் இறக்கினால் அடைப்பானைத் தேடி எனக்குக் கோல் வரும். இன்பாஸ்தான் வாங்கியவர் என்றால் இன்பாஸ்தான் கோல் எடுப்பார், என் நம்பர் அவரிடம் இருக்கிறது. இன்பாஸ் எடுக்கட்டும் யா அல்லாஹ், இன்பாஸே எடுக்கட்டும் என்று துஆக் கேட்டேன். லுஹர் தொழுதேன், அஸர் தொழுதேன். தொழுகைப் பாயில் இருக்கும்போதே போன் அடித்தது.

வொய்ஸ் இல்லை. கோல். அஞ்சு மாதத்துக்குப் பிறகு என் மாப்பிள்ளை எடுக்கிற முதல் கோல்.

"றஹீமா, அடப்பான் எங்க?"

சலாம் இல்லை, சுகம் இல்லை. மூச்சு வாங்குகிறது. பின்னால் தண்ணீர்ச் சத்தம், யாரோ "தூக்கு தூக்கு" என்கிறார்கள்.

"என்ன அடப்பான்?"

"தோணிட அடப்பான் புள்ள! இறக்கியாச்சு, ஓட்டையால தண்ணி ஏறுது. பொட்டிக்குள்ளயும் இல்ல. எங்க வச்ச?"

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

"நானா? நான் இஞ்ச... கட்டார்ல. இன்பாஸ் கோல் எடுத்தான், அதான் கேக்கிறன்."

இந்த முறை நான் திருகை இறுக்கவில்லை. போக விட்டேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் தூரத்தில் ணிங் ணிங் என்று தொடங்கியது. குளக்கட்டு ரோட்டால் வருகிறது போல. கிட்ட வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது.

"பாண் ஓட்டோ போகுது" என்றேன். "பின்னேரத்துக்குப் பாண் வாங்கல்லயா?"

"புள்ள..."

"எத்தின மாசம்?"

"நான் செல்லத்தான் இருந்தன் றஹீமா. வல்லாஹி, செல்லத்தான் இருந்தன்."

"எத்தின மாசம் எண்டு கேட்டன்."

"அஞ்சு."

"ஆருட வீட்டுல இரிக்கீங்க?"

எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆம்பிளைக்கு வீடு இல்லை. அவன் இருக்கிற வீடு அவன் பெண்சாதியின் வீடு. வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவர் சுற்றி வளைத்திருப்பார். இதற்குச் சுற்ற வழியில்லை.

"றுஸ்தாட வீட்டுல" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பெயர். நாலு வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த மனிதர் அஞ்சு மாதமாக ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்திருக்கிறார், இன்னொருத்தியின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. இப்போது தோணியையும் அந்த வாசலுக்கு எடுத்துவிட்டார். கத்த வேண்டும் போல் இருந்தது. பாய்க்குப் பக்கத்தில் கிடந்த அடைப்பானை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தினேன்.

"அடப்பான் என்னட்ட இரிக்கி" என்றேன். "வேணுமெண்டா வந்து எடுங்க. ஆளனுப்ப வேணாம். நீங்க வாங்க."

வருவார் என்று, அவர் வாய் திறக்க முன்னம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பினேன்.

"அது... கடையில ஒண்டு வாங்கலாம் புள்ள" என்றார்.

"வாங்கலாம்தான்."

"அளவுதான் ஞாபகம் இல்ல."

சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். ராத்தா இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டுகிறாள். ஆனால் அளவு தெரியாமல் சின்னதாக ஒன்றை அடித்துவிட்டு நடுக்குளத்துக்குப் போவார், அது கழன்று போகும். அந்த மனிதருக்கு நீச்சல் நாலு கைக்கு மேல் வராது. எனக்கு அது தெரியும், றுஸ்தாவுக்குத் தெரியுமோ என்னவோ.

"இருபத்தஞ்சு மில்லி" என்றேன். "இருபத்திரெண்டு தருவாங்க, வாங்கிப் போடாதீங்க. ஒழுகும்."

வைத்துவிட்டேன்.

ராத்தா பள்ளிவாசலுக்குப் போய்ச் சொல்லுவோம், காதி கோட்டுக்குப் போய்ச் சொல்லுவோம் என்று ஒரு கிழமை குதித்தாள். என்னத்தைச் சொல்வது? வீடு என்னுடையது, அது அசையாமல் நிற்கிறது. சூட்கேசோடு வந்தவர் சூட்கேசோடு போய்விட்டார். தோணியோடு வந்தவர் தோணியையும் எடுத்துவிட்டார். ஊர் வழக்கப்படி ஒரு சாமான் குறைவில்லை, இந்த ஒன்றைத் தவிர.

இரண்டு டயரையும் தம்பிமார் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று வாசலில் உருட்டி வைத்தேன். வெளிறிய மண்ணில் இரண்டு மழை பெய்து அதுவும் மற்ற மண் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ நேரம் முடிந்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பேன். வொய்ஸ் வருவதில்லை, ஆனாலும் கவிழ்த்து வைப்பேன்.

நேற்றும் வெள்ளிக்கிழமைதான். குசினியில் நின்று அடைப்பானை ஆணியிலிருந்து எடுத்து, பவுடர் டின்னைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டித் தடவிக்கொண்டிருந்தேன். ராத்தா சீனி கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னகா செய்றாய்? தோணியே இல்ல."

"றப்பர் காஞ்சா வெடிச்சுப் போகும் ராத்தா" என்றேன்.